பதினேழாம் அத்தியாயத்தில் செத்துப்போனவள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பல் செட் செய்யும் எங்கள் பட்டறையில் அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல் கட்டுகிற அக்கா என்பது சுருங்கிப் ‘பல்லக்கா’ ஆகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், “பல்லக்கா? ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போவாங்களே, அதுவா?” என்பார்கள். “எங்க, தூக்கிப் பாரு” என்பாள். அவள் உடம்பு அப்படி. ஒருவரும் முயன்றதில்லை.

பிறக்கும்போதே மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே அண்ணத்திலும் பிளவு. உதட்டைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே தைத்துவிட்டார்கள். அண்ணத்தைத் தைப்பதற்குள் அவள் பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிட்டது. அதற்குள் நாக்கு தன் போக்கில் பேசப் பழகிக்கொண்டது. பேசும்போது பாதிக் காற்று மூக்கு வழியே போய்விடும். ஒரு எழுத்து இன்னொரு எழுத்தின் மேல் ஏறி வரும். முதல் தடவை கேட்பவர்களுக்குப் பாதி புரியாது. ஒரு வாரம் கூடவே இருந்தால் எல்லாம் புரிந்துவிடும். எனக்கு மூன்று நாளில் புரிந்தது, ஏனென்றால் அந்த மூன்று நாளும் அவள் வாயை மூடவே இல்லை.

பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. மெழுகில் பல் வரிசையை அடுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வாள். பிளாஸ்டரைக் குழைத்துக்கொண்டே நாட்டு நடப்பை அலசுவாள். பட்டறைக்கு வரும் போனை எப்போதும் அவள்தான் எடுப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து, “யாரு பேசுறது? ஒண்ணும் புரியலையே, வேற யாரையாவது பேசச் சொல்லும்மா” என்று குரல் வரும். “வேற யாரும் பேச மாட்டாங்க. உங்க காதுக்குத்தான் பழக்கம் வேணும், என் வாய்க்கு இல்ல. மறுபடி சொல்றேன், கேளுங்க” என்று அதே வேகத்தில், ஒரு எழுத்தைக்கூட மெதுவாக்காமல் திரும்பச் சொல்வாள்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சேர்ந்து பாடுகிற குழுவில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, “நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது” என்றார்களாம். மேடை ஏறியதும் எல்லோரையும்விட உரக்கப் பாடியது இவள்தான். அடுத்த வருஷம் குழுவிலேயே சேர்க்கவில்லை. “அப்புறம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன். “கீழ உக்காந்து பாடினேன்” என்றாள்.

அவள் கணவர் எலக்ட்ரீஷியன். பட்டறையில் பல் தேய்க்கும் மோட்டார் புகைந்தபோது சரிபார்க்க வந்தவர், ஒயரைத் தப்பாக மாட்டிவிட்டு அவளிடம் செம திட்டு வாங்கினார். மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்து மோட்டார் நன்றாக ஓடுகிறதா என்று பார்த்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மோட்டார் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். “வீட்ல பேசுற டிபார்ட்மென்ட் அவளோடது” என்பார்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. கல்லூரியில் பாடம் நடத்துகிறவன், கதை எழுதுகிறவன். அக்காவென்றால் அவனுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் ஒரு நாவல் எழுதினான். அதற்குப் பெரிய பரிசு ஒன்று கிடைத்தது. செய்தித்தாளில் அவன் படம் வந்த அன்று பல்லக்கா பட்டறை முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். “புத்தகம் எங்கக்கா?” என்று கேட்டேன். “கேட்டேன்டி. உனக்குப் போரடிக்கும்கா, இலக்கியம் அதுன்னுட்டான். போகட்டும், படத்துல எப்படி இருக்கான் பாரு, மாப்பிள்ளை மாதிரி” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம், கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி பட்டறை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த நாவல். உள்ளே எட்டிப் பார்த்தவள், பல்லக்காவின் உதட்டுத் தழும்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

“நீங்க… நீங்க இருக்கீங்களா?”

“இருக்கேனே. உள்ள வா. பல்லு ஏதாவது ஆடுதா?”

அந்தப் பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது. பல்லக்கா வாய் திறந்து பேசியதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. சார் வகுப்பில் அக்காவைப் பற்றிச் சொல்வாராம். நாவலில் வருகிறவள் அந்த அக்காதான் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்களாம். அவள் வாழ்ந்த இடத்தையாவது ஒருமுறை பார்த்துவிடலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தாளாம். சொல்லி முடிப்பதற்குள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எதிர்பார்த்து வந்தது கிடைக்காதவள் போல, நாற்காலியின் நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைக் கேட்டதும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் பல்லக்கா அந்த நாவலை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மெழுகு ஒட்டிய விரலால் பக்கத்தைத் திருப்பி, அவள் குரலில், அவள் வேகத்தில் வாசித்தாள்.

நாவலில் ஒரு தம்பி, ஒரு அக்கா. அக்காவுக்கு உதடு பிளந்திருக்கிறது. அவள் ஊமை. எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள். கண்ணாலேயே சிரிக்கிறாள். யாராவது மனதைப் புண்படுத்தினால் தலையைக் குனிந்துகொள்கிறாள். பொத்தான் தைத்தே தம்பியைப் படிக்க வைக்கிறாள். பதினேழாம் அத்தியாயத்தில் தம்பிக்குக் கல்யாணம். கல்யாணப் படத்தில் தன் முகம் விழுந்து அவனுக்குத் தலைக்குனிவு வந்துவிடக் கூடாதென்று, அன்று மாலை அவள் ஏரியை நோக்கி நடக்கிறாள். தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது, இடுப்புக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது. முதல் முறையாக அவள் வாய் திறக்கிறாள். உள்ளே தண்ணீர் போகிறது.

அதை வாசிக்கும்போது நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிளாஸ்டர் மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவன் நன்றாகத்தான் எழுதியிருந்தான். வில்லங்கமே அதுதான்.

“ஏண்டி அழுறே? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?” என்றாள் பல்லக்கா. புத்தகத்தை மூடி வைத்தாள். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அன்று பிற்பகல் முழுக்க அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளைக் கொதிக்க வைத்தது. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர், வருஷக்கணக்காக அவளோடு மல்லுக்கட்டுகிறவர், திடீரென்று குரலைத் தாழ்த்திக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார். அளவு தப்பாக எடுத்து அனுப்பியதற்கு அவள் சத்தம் போட்டபோதுகூட, “பரவாயில்ல, பரவாயில்ல” என்று தலையை ஆட்டினார். அவருடைய வரவேற்பறைப் பெண் ஒரு துண்டுத் தாளில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று எழுதி நீட்டினாள். எதிர்வீட்டு அம்மா அவளைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் நாவலைப் படித்திருந்தார்கள், அல்லது படித்தவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள்.

“நேத்து வரைக்கும் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவங்கடி எல்லாரும்! இப்ப நான் என்ன சொன்னாலும் காதுல ஏறல. என் மூஞ்சைப் பாத்தாலே ஏரி தெரியுது அவங்களுக்கு” என்றாள். கையிலிருந்த மெழுகு கத்தியை மேசையில் படீரென்று வைத்தாள்.

“தம்பிகிட்ட கேக்க வேண்டியதுதானேக்கா?”

“கேக்காம விடுவேனா? ஆனா அவன் வாத்தியாரு. வாயைத் திறந்தா ஒரு மணி நேரம் விளக்குவான். நமக்கு நடுவுல புக எடம் கிடைக்காது.”

இடம் தானாகவே கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தம்பி குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல்லைப் பறிகொடுத்தான். மேடையில் ஓட்டைப் பல்லோடு நிற்க முடியுமா? கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் ஊரில் இல்லை. அவசர வேலை ஒன்றுக்காகப் பட்டறையில் பல்லக்காவும் நானும் மட்டும் இருந்தோம்.

“உக்காரு. நானே அளவு எடுக்கிறேன்” என்றாள்.

ரப்பர் கிண்ணத்தில் அளவு மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். அதை வளைந்த தட்டில் வழித்து, அவன் வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடித்தாள். மாவு இறுகும்வரை வாயை அசைக்கக் கூடாது. அசைந்தால் அளவு கெட்டுவிடும். இது அவனுக்கும் தெரியும்.

“மூக்கால மூச்சு விடு. ஆங், அப்படித்தான். இப்பச் சொல்லு, என்னை ஏண்டா கொன்னே?”

தம்பியின் கண் பெரிதாக விரிந்தது. என்னவோ சொல்ல வந்தான். “ங்ங்ஙா” என்றுதான் வந்தது.

“புரியல. திருப்பிச் சொல்லு.”

“ங்ங…”

“பாத்தியா, உனக்கும் அப்படித்தான் வருது. வாயை அசைக்காதே. நான் சொல்றேன், நீ கேளு. சாகடிச்சியே, அதுகூடப் போகட்டும். கதைன்னா நாலு பேரு சாவாங்க. ஊமை ஆக்கினியே, அதைத்தான்டா என்னால தாங்க முடியல. நான் பேசாத நாள் எதுடா? உனக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடம் சொல்லிக் குடுத்தது யாரு? உன்னை அடிச்ச பசங்க வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தினது யாரு? கண்ணால சிரிச்சேனாம். நான் என்னிக்குடா கண்ணால சிரிச்சேன்? தெருக்கோடி வரைக்கும் கேக்கும் நான் சிரிச்சா!”

அவன் உச்சந்தலையில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் தட்டைப் பிடித்தபடி தொடர்ந்தாள்.

“உங்க புத்தகத்துல எல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டே வேலைதான். ஒண்ணு, அடுத்தவங்களுக்காகச் சாகணும். இல்லைன்னா அடுத்தவங்களைச் சாகடிக்கணும். கண்ணு தெரியாதவன்னா ஞானி, கால் விளங்காதவன்னா சூழ்ச்சிக்காரன், குள்ளமா இருந்தா கோமாளி. எங்கள்ல ஒருத்தியாவது பஸ்ல சில்லறைக்குச் சண்டை போடுறாளா? ஒருத்தனாவது தலைவலின்னு லீவு போடுறானா? பல்லு கட்டுறாளா? புருஷனை ஒயர் மாட்டத் தெரியலன்னு திட்டுறாளா? என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கையால தின்னுக்கிட்டே, எவளையோ ஒருத்தியை எழுதியிருக்கியேடா!”

மாவு இறுகிவிட்டது. தட்டை ஒரே இழுப்பில் எடுத்தாள். தம்பி வாயைத் துடைத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, மாவினாலா வேறு எதனாலா தெரியவில்லை.

“முதல்ல நீ பேசுற மாதிரிதான் எழுதினேன்கா. ரெண்டு மாசம் முட்டி மோதினேன். எழுத்தை அப்படி மாத்தி, இப்படி மாத்தி… எப்படிப் போட்டாலும் கேலி மாதிரியே தெரிஞ்சுது. ஸ்கூல்ல பசங்க உன்னை மாதிரிப் பேசிக் காட்டுவாங்களே, நானும் அதையே செய்யுற மாதிரி இருந்துச்சு. படிக்கிறவன் சிரிச்சுடுவானோன்னு பயம். அதனாலதான்…”

“அதனால நாக்கையே அறுத்துட்ட.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் பேசுறது என் காதுல எப்படிக் கேக்குது தெரியுமா? உன்னோடது மாதிரியேதான் கேக்குது. மூக்கால பேசுறவன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடு. அப்புறம் நான் என்ன சொன்னேனோ அதைச் சாதா எழுத்துல எழுது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சுட்டு, அடுத்த வரியைப் படிச்சுத்தானே ஆகணும்?”

நான் எழுத்தாளர் இல்லை. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்தபோது அவள் சொன்னபடியே செய்திருக்கிறேன்.

பல் நான்கு நாளில் தயாராகிவிட்டது. மற்ற பற்களின் நிறத்துக்கு இம்மிகூட மாறாமல் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கோபம் வேறு, வேலை வேறு.

விழாவுக்குப் பல்லக்கா, அவள் கணவர், நான் மூவரும் போனோம். வாசலில் இலக்கியச் சங்கத்தின் செயலாளர் எதிர்கொண்டார். அவளைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு அவள் கணவர் பக்கம் திரும்பி, “அம்மாவுக்குக் காது கேக்குமா?” என்றார்.

“கேக்கும். வாயும் உண்டு. பாத்துக்குங்க” என்றார் அவர். வருஷத்துக்கு ஒருமுறைதான் பேசுவார் என்றாலும் சமயம் பார்த்துப் பேசுவார்.

செயலாளர் அதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் தன் ஏற்பாட்டைச் சொன்னார்: கடைசியில் விளக்குகளை மங்கலாக்குவார்களாம். அம்மா கையில் ஒரு வெள்ளைப் பூவோடு மேடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிஷம் நிற்க வேண்டுமாம். ‘ஊமை அக்காக்களுக்கு அஞ்சலி’யாம்.

“நான் ஜவுளிக்கடைப் பொம்மை இல்ல” என்றாள் பல்லக்கா. செயலாளருக்குப் புரியவில்லை, சம்மதம் என்று நினைத்து மறுபடி கைகூப்பிவிட்டுப் போனார்.

முதல் வரிசையில் உட்கார்ந்தோம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். “அந்த மௌனம் நம் மனசாட்சி” என்றார் ஒருவர். “அவள் பேசியிருந்தால் நாவல் செத்திருக்கும்” என்றார் இன்னொருவர். பல்லக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எனக்கு உயிர் போய்விட்டது.

கடைசியில் தம்பி எழுந்தான். எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “என் அக்கா இங்கதான் இருக்காங்க” என்று மட்டும் சொன்னான். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செயலாளர் பூவை எடுத்துக்கொண்டு அவசரமாக வந்தார். மைக்கை எடுத்து வரவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பல்லக்கா எழுந்தாள். பூவை வாங்கிக் கணவர் கையில் கொடுத்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“வணக்கம். நான்தான் பதினேழாம் அத்தியாயத்துல செத்துப்போனவ.”

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. பின்னாலிருந்து யாரோ அவள் சொன்னதற்குச் சிரித்தார்கள். வேறு யாரோ அவள் குரலுக்குச் சிரித்தார்கள். இரண்டு சிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே தெரியும்; அவளுக்குத் தெரியாதா? இரண்டும் அடங்கும்வரை நின்றாள்.

“புரியலம்மா!” என்றது நடுவிலிருந்து ஒரு குரல்.

செயலாளர் மேடையைப் பார்த்து, “சார், அம்மா சொல்றதை நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லிடுங்களேன்” என்றார்.

தம்பி அசையவில்லை. “ஒரு தடவை அவங்களுக்காக நான் பேசிட்டேன். அது போதும். அவங்களே திருப்பிச் சொல்வாங்க, கேளுங்க” என்றான்.

அவள் திருப்பிச் சொன்னாள், அதே வேகத்தில். பிறகு தம்பியின் கல்யாணத்தில் உண்மையில் நடந்ததைச் சொன்னாள். படம் எடுக்க வந்தவர், தழும்பு தெரியாமல் இருக்கட்டும் என்று அவளைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னாராம். அவள் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் போய் நேராக நின்றுகொண்டு, “இப்ப எடு. இல்லைன்னா இன்னிக்குப் படமே கிடையாது” என்றாளாம். அந்தப் படம் இன்றைக்கும் தம்பி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. “ஏரிக்கரை வரைக்கும் நடந்து போனேன்னு எழுதியிருக்கான். எனக்கு ஏதுங்க அவ்வளவு நேரம்? அன்னிக்குப் பந்தியில பரிமாற ஆள் பத்தல.”

இந்தமுறை நிறையப் பேர் சிரித்தார்கள், அவள் சொன்னதற்காக.

“என் தம்பி நல்லா எழுதுவான். நீங்க அழுதது தப்பில்ல. ஆனா நீங்க அழுதது செத்தவளுக்கு. உசுரோட இருக்கிறவ பஸ்ல பக்கத்துல வந்து உக்காந்தா, எழுந்து வேற சீட்டுக்குப் போறீங்க. கடையில ஒரு சாமான் கேட்டா, கூட வந்தவங்க மூஞ்சைப் பாக்குறீங்க. அழுகையெல்லாம் வேணாம். நான் பேசுறப்போ வாட்சைப் பாக்காம இருங்க, போதும்.”

முன்வரிசையில் ஒருவர் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார். சிலர் எழுந்து போனார்கள். சிலர் கைதட்டினார்கள், எல்லோரும் இல்லை. பல்லக்கா உட்கார்ந்து, “தண்ணி வச்சிருக்கியாடி?” என்று என்னிடம் கேட்டாள். அவள் கணவர் அந்தப் பூவை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஒரு பத்திரிகையில், ‘கலைக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் அறியாத ஒரு குறுக்கீட்டால் விழாவின் கனம் குலைந்தது’ என்று எழுதியிருந்தார்கள். நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“குறுக்கீடுன்னா என்னடி?”

“நடுவுல புகுந்து பேசுறதுக்கா.”

“அப்போ சரியாத்தான் எழுதியிருக்கான்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள்.

தம்பி அந்த நாவலை மாற்றவில்லை. அச்சாகி விற்றுப்போனதை எப்படி மாற்றுவது? அக்கா இன்னும் அதில் ஏரிக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். இப்போது வேறு ஒன்று எழுதுகிறான் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அவள் பேசும்போது இடையில் புகுந்து விளக்குவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறான். பல் டாக்டர் மறுபடி அவளோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டார். அதில் அவளுக்கு ரொம்பத் திருப்தி.

போன வருஷம் அந்த நாவல் ஒரு கல்லூரியில் பாடமாகிவிட்டது. அங்கே படிக்கிற பையனும் பெண்ணுமாக இரண்டு பேர், பரீட்சைக்கு முன் பட்டறைக்கு வந்தார்கள். ‘ஊமை அக்காவின் மௌனம் உணர்த்துவது யாது?’ என்ற கேள்வி நிச்சயம் வருமாம். அவளிடமே கேட்டு எழுதலாம் என்று வந்திருந்தார்கள்.

“அக்கா நல்லாத்தான் பேசினா, எழுதினவனுக்குத்தான் அன்னிக்கு எழுத வரல. இதை எழுதுங்க” என்றாள்.

பையன் தயங்கினான். “மார்க் போட மாட்டாங்கக்கா.”

“எழுதிட்டு வந்து சொல்லு. பாக்கலாம்.”

அந்தப் பெண் எழுதினாள். பையன் எழுதவில்லை. அவளுக்கு அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டு, ஓரத்தில் ‘பாடத்தைப் படிக்கவும்’ என்று எழுதியிருந்தார்களாம். செய்தி வந்தபோது பல்லக்கா ஒரு கீழ்த்தாடை செட்டைக் கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை எனக்குக் காட்டினாள்.

“இதைப் பாத்துக்கோ. நேரத்துக்கு எடுத்துடு, இல்லைன்னா கோணிக்கும்.”

“நீங்க எங்கக்கா?”

“காலேஜுக்கு” என்று கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள். “திருத்தினவர்கிட்ட கொஞ்சம் பேசிட்டு வரேன்.”